ரிப்பன் மாளிகையின் முரசு

2022 ஆகஸ்டில், அப்போது தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா போடும் வழக்கத்தை இனி நிறுத்த வேண்டும், ஒலிபெருக்கி கட்டிய வண்டி எல்லா ஊருக்கும் போகிற காலத்தில் ஒருவர் கழுத்தில் பறையை மாட்டித் தெருத்தெருவாக அனுப்புவது தேவையில்லை, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். அந்த ‘ஒருவர்’ எந்தத் தெருவில் இருந்து வருவார் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கம் ஒழிவதில் வருந்த ஒன்றுமில்லை.

ஆனால் தண்டோராவின் ஓர் இயல்பை எந்தக் கடிதத்தாலும் நிறுத்த முடியவில்லை. ஏரி மீன் ஏலமோ வரி கட்டக் கடைசி நாளோ, எதுவானாலும் பறையடிப்பவர் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவரிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டாலும் அவரிடம் பதில் இருக்காது. முடிவெடுத்தவர் வேறெங்கோ உட்கார்ந்திருப்பார்.

சென்னை மாநகராட்சி ஆணையர் அலுவலகத்துக்கு இன்று சேதி சொல்ல வழிகளுக்குப் பஞ்சமில்லை. செய்தி வெளியீடு, எக்ஸ் தளம், முகநூல், வாட்ஸ்அப், ‘நம்ம சென்னை’ செயலி, 1913 என்ற உதவி எண், குப்பை வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி. எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, எந்த வார்டில் நாய்க்குத் தடுப்பூசி முகாம், எந்த மைதானத்தில் விளையாட்டுப் போட்டி என்பதெல்லாம் வந்துகொண்டே இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இவற்றில் பெரும்பாலானவை டிவிஷன் அலுவலகத்துச் சுவரைத் தாண்டி வெளியே வந்ததில்லை. ஆகவே ‘மாநகராட்சி எதையும் சொல்வதே இல்லை’ என்ற பழைய புகார் இனிச் செல்லாது. சொல்கிறது, நிறையவே சொல்கிறது. எப்போது சொல்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. முடிவெடுப்பதற்கு முன்பா, எடுத்த பிறகா?

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுக்காத கட்டுரை தமிழில் அபூர்வம். நான் எடுக்கப் போவதில்லை. அது ஒரு பிராமணக் கிராமத்துச் சபையின் விதிமுறை, நகரத்துக்குப் பொருந்தாது. நகரத்துக்குப் பொருந்தும் பழைய சாட்சி மணிமேகலையில் இருக்கிறது. காப்பியத்தின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. புகார் நகரத்தில் 28 நாள் நடக்கும் இந்திர விழாவை அறிவிக்க, வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முரசறையும் குடியைச் சேர்ந்த வள்ளுவன் நகருக்குச் சொல்கிறான். சொல்வது என்ன? தோரணம் கட்டுங்கள், பூரண கும்பம் வையுங்கள் என்பதோடு, வீதியில் கிடக்கும் பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணலைப் பரப்புங்கள் என்கிறான். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறி முறையாக வாதிடட்டும் என்கிறான். பகைவரோடுகூட 28 நாளும் சச்சரவு வேண்டாம் என்கிறான். சாலைப் பணி, நகர அலங்காரம், பொது அமைதி, கலை நிகழ்ச்சி நான்கும் ஒரே அறிவிப்பில். போகிக்கு முன்னால் ‘பழைய டயரையும் துணியையும் எரிக்காதீர்கள், தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்’ என்று மாநகராட்சி சொல்லும்போது எனக்கு அந்த மணல்தான் நினைவுக்கு வரும். நகர நிர்வாகச் செய்தியும் ஊர்த் திருவிழாச் செய்தியும் ஒரே வாயில் வருவது நம்மூருக்குப் புதிதல்ல.

சென்னை மாநகராட்சி அமைந்ததிலேயே ஒரு ‘சேதி சொல்லும்’ கணக்கு உண்டு. 1688 செப்டம்பர் 29-இல் ஒரு மேயர், 12 ஆல்டர்மன்கள், 60 பர்ஜஸ்களோடு அது தொடங்கப்பட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டுக்கு இருந்த நோக்கம் எளிமையானது. கோட்டையில் இருந்து வரி போட்டால் கறுப்பர் நகரத்து மக்கள் மறுக்கிறார்கள். அவர்களிலேயே சிலரைச் சபையில் உட்கார வைத்து அவர்கள் வாயால் சொல்ல வைத்தால் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்பது வேறு கதை. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன் காலத்தில் இருந்து இன்று ‘அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை’ என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி வரை, மாநகராட்சி மக்களிடம் பேசத் தொடங்கும் இடம் பெரும்பாலும் வரிதான். அதில் தவறில்லை. வரி கொடுப்பவன் திருப்பிப் பேசவும் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

யார் இந்த ஆணையர்? பேச்சு வழக்கில் இன்னும் கமிஷனர்தான். ஆட்டோக்காரரிடம் ‘கமிஷனர் ஆபீஸ்’ என்றால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் இறக்கிவிடுவார். மாநகராட்சி என்றால் ‘ரிப்பன் பில்டிங்’ என்று சொல்ல வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாமன்றம் கொள்கை முடிவெடுக்கும், கமிஷனர் நிறைவேற்றுவார். அந்தச் சட்டம் 2023 வரை நடைமுறையில் இருந்து, 1998-இல் இயற்றிப் பல ஆண்டு கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்கு வழிவிட்டது. சட்டம் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை: மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆணையர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கோப்பும் பணமும் ஆட்களும் ஆணையர் கையில். மேயருக்குச் செங்கோலும் அங்கியும்.

ஆணையர் அலுவலகம் நகரத்தின் வாயாகவே ஆனதற்கு இந்தச் சட்ட ஏற்பாட்டைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீண்ட காலம் வேறு வாயே இல்லை. 1973-இல் மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான். 23 ஆண்டு! அந்த இடைவெளியில் பிறந்த குழந்தை கவுன்சிலர் என்ற சொல்லையே கேள்விப்படாமல் கல்லூரியை முடித்திருக்கும். 1996-இல் மு.க. ஸ்டாலின் மேயரானபோது நகரம் மாமன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டது. மறுபடி 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயராகும் வரை ஐந்தரை ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரும் இல்லை. தனி அலுவலர் என்ற பெயரில் மாமன்றத்தின் அதிகாரமும் ஆணையரிடமே இருந்தது. தீர்மானம் கொண்டுவருபவரும் அவரே, நிறைவேற்றுபவரும் அவரே, அதைச் செய்தியாக வெளியிடுபவரும் அவரே.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6-இல்தான் நடந்தது. இடையில் யாழ்ப்பாணம், கொழும்பு மாநகர சபைகளை ஆணையாளர்களே நடத்தினார்கள். அறிவித்தல் வந்துகொண்டிருந்தது, கேட்கச் சபை இல்லை.

நம்முடைய 2016–22 இடைவெளியில்தான் சமூக ஊடகமும் வளர்ந்தது. கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்ல வேண்டிய தெருவிளக்குப் புகாரை மக்கள் ட்விட்டரில் மாநகராட்சியைக் குறித்து எழுதப் பழகினார்கள். படம் போட்டால் வேலை நடந்தது. ‘சரி செய்யப்பட்டது’ என்று பதில் படமும் வந்தது. வேலை நடந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. கவுன்சிலர் இருந்த காலத்தில் எத்தனையோ தெருக்களுக்கு இந்த வேகம் கிடைத்ததில்லை. ஆனால் படம் எடுத்துப் போடத் தெரிந்த தெருவுக்கு ஒரு நியாயம், தெரியாத தெருவுக்கு வேறு நியாயம் என்றாகிவிட்டதையும் சொல்ல வேண்டும். சில ஆணையர்கள் சொந்தக் கணக்கில் இருந்தே புகாருக்குப் பதில் எழுதினார்கள். மாறுதல் உத்தரவு வந்த அன்றே அந்தச் சாளரம் வேறு துறைக்குப் போய்விடும். 2019-க்குப் பின் கோ. பிரகாஷ், ககன்தீப் சிங் பேடி, ஜெ. ராதாகிருஷ்ணன், ஜெ. குமரகுருபரன் என்று ஆள் மாறிக்கொண்டிருந்த பதவி அது.

என்னென்ன சொல்லப்படுகிறது என்று வகை பிரித்தால் நாலைந்துக்குள் அடங்கிவிடும்: திறப்பு விழா, ஆய்வு, முகாம், எச்சரிக்கை, வரி. இவற்றில் திறப்பு விழாச் செய்தியின் நடையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஒரு சிறுவர் பூங்கா திறக்கப்படுகிறது என்று வையுங்கள். முதல் வாக்கியம் முதலமைச்சரின் ஆணைக்கிணங்கத் தொடங்கும். அங்கிருந்து துறை அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், மேயர், துணை மேயர், ஆணையர், நிலைக்குழுத் தலைவர், மண்டலக் குழுத் தலைவர் என்று படிப்படியாக இறங்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால், பூங்கா திறக்கப்பட்டதா பூட்டப்பட்டதா என்பது பன்னிரண்டாவது வரியில்தான் தெரியும். அந்தப் பூங்கா காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், பராமரிப்பு யாருடையது, கழிப்பறைக்குத் தண்ணீர் உண்டா என்பதற்கு இடம் மிஞ்சுவதில்லை. அரசு விளம்பரங்களில் யார் யார் படம் போடலாம் என்பதை உச்ச நீதிமன்றமே 2015-இல் வரையறுத்து, அடுத்த ஆண்டு முதலமைச்சர்களுக்கும் அமைச்சர்களுக்கும் தளர்த்த வேண்டியிருந்தது. பெயருக்கு வரையறை போட இதுவரை யாரும் துணியவில்லை.

இதே அலுவலகம் வேறு மாதிரியும் பேசியிருக்கிறது. 2020 கொரோனா மாதங்களை நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் 15 மண்டலங்களுக்கும் ஓர் அட்டவணை வரும். இராயபுரத்தில் எத்தனை பேர், கோடம்பாக்கத்தில் எத்தனை பேர், குணமானவர் எத்தனை, சிகிச்சையில் எத்தனை, இறப்பு எத்தனை. மரியாதைச் சொல் கிடையாது, ஆணைக்கிணங்க கிடையாது. வெறும் எண். நகரம் முழுக்க அதற்காகக் காத்திருந்தது. நேற்றைய அட்டவணையை இன்றையதோடு ஒப்பிட முடிந்தது; என் மண்டலத்தைப் பக்கத்து மண்டலத்தோடு ஒப்பிட முடிந்தது. காய்ச்சல் முகாம் எந்தத் தெருவில் என்பதும் சேர்ந்து வந்ததால், மக்கள் அதை வைத்து ஒரு காரியம் செய்ய முடிந்தது. சென்னை மாநகராட்சி தன் வரலாற்றில் வெளியிட்ட மிகச் சிறந்த செய்தி எது என்று கேட்டால் அந்த அட்டவணை என்பேன்.

அதற்கும் ஒரு பின்கதை உண்டு. 2020 ஜூனில் மாநில அரசின் கொரோனா இறப்புக் கணக்குக்கும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது பத்திரிகைகளில் வெளியானது. குழு அமைத்தார்கள். ஜூலை 22-இல் சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. இந்த எண் எந்த அறிவிப்பிலும் முதலில் இல்லை. ஒரு பதிவேட்டில் இருந்தது. பிறப்பு இறப்பு பதிவதை மாநகராட்சியின் மிகச் சலிப்பான வேலை என்று நினைப்போம். அந்தச் சலிப்பான பேரேடுதான் உண்மையை வைத்திருந்தது. அலுவலகம் தானாகச் சொல்வதைவிட, அலுவலகம் எழுதி வைப்பதில் எதையெல்லாம் நாம் பார்க்க முடியும் என்பது முக்கியமாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியலே தருகிறது. இந்தியாவிலேயே முதலில், 1997-இல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு என்பதை நாமே மறந்துவிட்டோம்.

மழைக்காலத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு யார் சொன்னார்கள்? செம்பரம்பாக்கத்தில் இருந்து நொடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. அன்று ஏரி பொதுப்பணித் துறையுடையது, நகரம் மாநகராட்சியுடையது, எச்சரிக்கை வருவாய்த் துறையுடையது. எங்கே படகு, எங்கே சாப்பாடு, எந்தத் தெருவில் முதியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை முன்பின் தெரியாத இளைஞர்கள் இணையத்தில் ஓர் அட்டவணையைத் திறந்து தாங்களே நிரப்பினார்கள். அன்று நகரத்தின் ஆணையர் அலுவலகம் அந்த அட்டவணைதான்.

அதில் இருந்து அலுவலகம் பாடம் கற்றது உண்மை. இப்போது மழை நாளில் சுரங்கப்பாதை நிலவரம், விழுந்த மரம், ஓடும் மோட்டார் பம்பு, நிவாரண மையம், வழங்கிய உணவுப் பொட்டலம் என்று மணிக்கணக்கில் அறிக்கை வருகிறது. ஆனால் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். ‘வடிகால் தயார்’ என்ற செய்தியை அவர்கள் படிக்காமல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வடிகாலுக்குச் செலவான தொகை, முடிந்த பணியின் சதவீதம் என்ற இரண்டு எண்களைச் சுற்றி மாதக்கணக்கில் அரசியல் நடந்தது. எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்டது. கொரோனா அட்டவணை போல மண்டலவாரியாக, தெருவாரியாக வடிகால் பணியின் நிலை ஆண்டு முழுதும் வந்துகொண்டிருந்தால் வெள்ளை அறிக்கை கேட்க வேலையே இருந்திருக்காது. வானிலைக்கு மட்டும் மக்கள் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பக்கத்துக்குப் போவது ஏன் என்பதும் இதே கதைதான். அவர் வருகிற மழையைச் சொல்கிறார். அலுவலகம் பெய்த மழையைச் சொல்கிறது.

முன்பு, பின்பு என்ற இந்த வித்தியாசம் பணத்தில் இன்னும் கூர்மையாகும். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல், மார்ச் தொடக்கத்தில் பதவியேற்பு. ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவிக்கிறது. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். மாமன்றத்தில் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள் என்பது சரி. ஆனால் கவுன்சிலர் ஒருவர் தன் வார்டு மக்களிடம் போய் ‘இப்படி ஒரு யோசனை இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்கும் கட்டம் எங்கே இருந்தது? விகிதம் அதற்கு முன்பே நாளிதழில் அச்சாகிவிட்டது.

2025 ஆகஸ்ட் இதைவிட வேதனையானது. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆவது மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. அந்த மண்டலங்களில் பல ஆண்டுகளாகக் கூட்டிப் பெருக்கிய தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1-இல் இருந்து ரிப்பன் மாளிகையின் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். 13 நாள். அவர்களில் மிகப் பலர் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் மாளிகைக்குள் இருந்து செய்தி வந்துகொண்டுதான் இருந்தது: புதிய நிறுவனத்தில் சேருங்கள், வருங்கால வைப்பு நிதி உண்டு, காப்பீடு உண்டு. தனியார்மயம் சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் என் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். தெருவில் யாரைவிடவும் மாநகராட்சியை நன்றாக அறிந்தவர்களுக்கு, வீடு வீடாகப் போய் அதன் அறிவிப்புகளைச் சுமந்து சேர்த்தவர்களுக்கு, தங்கள் வேலையைப் பற்றிய முடிவு முடிவாகவே வந்து சேர்ந்தது. பறையடித்தவருக்கே பறை அடிக்கப்பட்டது.

முடிவெடுக்கும் கமிஷனரை மக்களே தேர்ந்தெடுத்த ஊர்களும் உண்டு. கமிஷனர் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் வேறொரு பொருள் இருந்தது. 1900 செப்டம்பரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்தைப் புயல் அழித்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் இறந்தார்கள். சீரமைக்க வந்த புதிய ஏற்பாட்டில் சில கமிஷனர்கள் ஆளுக்கொரு துறையை நேரடியாக நடத்தினார்கள். அந்த முறை பல நகரங்களுக்குப் பரவியது. ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாண்ட் 1913-இல் அதை ஏற்றது. நம் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டதும் அதே 1913-இல்தான். மாநகராட்சி உதவி எண்ணும் 1913. தற்செயலில்கூட ஒரு சுவை இருக்கிறது. போர்ட்லாண்டில் மேயரோடு சேர்ந்து நான்கு கமிஷனர்களை நகரமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். மேயர் துறைகளைப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் பூங்கா என்று வரும். கமிஷனர் அலுவலகம் அனுப்பும் மடலில் சாலை மூடல், பட்ஜெட் விவாத நாள், பேட்டைத் திருவிழா, மரம் நடும் சனிக்கிழமை எல்லாம் கலந்திருக்கும்.

மடல் அனுப்புகிறவரையே அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம் என்பது அந்த முறையின் பலம். அவரவர் துறையின் பெருமையை அவரவர் பாடுவதும், மொத்த நகரத்துக்காகப் பேச ஆளில்லாமல் போவதும் பலவீனம். 2022 நவம்பரில் போர்ட்லாண்ட் வாக்காளர்களே அந்த முறைக்கு முடிவு கட்டினார்கள். 2025-இல் இருந்து அங்கே நான்கு தொகுதிகள், 12 கவுன்சிலர்கள், துறைகளை நடத்தத் தனி நிர்வாகி. அதாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனரை வைத்திருந்தவர்கள் தொழில்முறை நிர்வாகிக்கு மாறினார்கள். அதிகாரியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அதிகாரம் கேட்கிறோம். இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பேட்டைச் சங்கங்களுக்கென்று 1974-லேயே நகரசபை ஓர் அலுவலகம் திறந்திருந்தது. கமிஷனர்கள் போனார்கள், பேட்டைச் சங்கங்கள் இருக்கின்றன.

சென்னையில் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியவை பேட்டைப் பத்திரிகைகள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்றவை விளம்பரத்தையே நம்பி இலவசமாக வீட்டு வாசலில் விழுந்தன. எந்தத் தெருவில் குழி வெட்டினார்கள், எந்தக் கோவிலில் தெப்பம், ரேஷன் கடை எங்கே மாறியது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்கிற பேட்டைகளுக்கே அந்த வசதி கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; கொருக்குப்பேட்டைக்கு ஒரு டைம்ஸ் வரவில்லை. சென்னையின் பிறந்தநாளைக் கொண்டாடும் மெட்ராஸ் தினமும் ரிப்பன் மாளிகையில் பிறந்ததல்ல. நகர வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் நண்பர்கள் சிலரும் 2004-இல் தொடங்கியது. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி யார் வேண்டுமானாலும் தன் தெருவின் கதையைச் சொல்ல நடை அழைத்துப் போகலாம், வீட்டு மொட்டைமாடியில் பழைய படங்களைக் காட்டலாம். உத்தரவு கிடையாது, நிதி ஒதுக்கீடு கிடையாது. இருபது ஆண்டு தாண்டியும் நடக்கிறது. நகரத்து நிகழ்ச்சியை அலுவலகம் நடத்தினால்தான் நடக்கும் என்பதில்லை. சில சமயம் ஒதுங்கி நின்று இடம் கொடுத்தாலே போதும்.

முன்கூட்டிச் சொல்வதற்கும் கேட்பதற்கும் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதே மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு குழுக்களை விதித்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வெளிவர 2022 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஐ உள்ளாட்சி தினமாக அறிவித்து முதல் பகுதி சபைகளைக் கூட்டினார்கள். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்து வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதிக்காரர் கூடிப் பேசுவது. சென்னையில் 2011 கணக்கெடுப்பின்படி 66 லட்சத்துக்கு மேல் மக்கள், 200 வார்டு. சராசரியாக ஒரு கவுன்சிலருக்கு 33,000 பேர். பகுதி சபை இல்லாமல் இந்தக் கூட்டத்தில் ஒருவர் குரல் கவுன்சிலரையே எட்டாது, ஆணையரை எப்படி எட்டும்?

ஆனால் பகுதி சபை நடக்கும் இடமும் நேரமும்தான் ஆணையர் அலுவலகம் சொல்லும் செய்திகளிலேயே மிக மெதுவாக நகர்வது. பூங்கா திறப்புக்கு நான்கு படம் வரும். சபைக்கு, பல வார்டுகளில், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவரை. மாமன்றக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலின் கதியும் இதுதான். எந்தெந்தத் தீர்மானம் வரப் போகிறது, எந்த ஒப்பந்தம் யாருக்கு, எந்த மைதானம் தனியாரிடம் போகிறது என்பது கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் எளிய தமிழில் வந்தால், கவுன்சிலரின் கதவைத் தட்ட மக்களுக்கு நேரம் கிடைக்கும். மாநகராட்சி டெண்டர்களை அறப்போர் இயக்கம் போன்ற ஊழல் எதிர்ப்பு அமைப்புகள் பக்கம் பக்கமாகப் படித்துத்தான் பல விஷயங்கள் வெளியே வந்தன. ஒரு குடிமகன் தன் தெருவைப் பற்றி அறிய டெண்டர் மொழி படித்திருக்க வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம். ‘மக்களைத் தேடி மேயர்’ என்று 2023-இல் தொடங்கி மண்டலம் மண்டலமாக மனு வாங்கினார்கள், நல்லதுதான். மனு என்பது நடந்ததற்கோ நடக்காததற்கோ கொடுப்பது. நடக்கப் போவதற்கு மனு கொடுக்க முடியாது.

மணிமேகலையில் முரசு அறைவதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அதே விழாவறை காதையில் அதற்கு முன்னால் சில வரிகள் இருக்கின்றன. முரசு எடுக்கப்படும் முன் புகார் நகரத்தில் ஒரு கூட்டம் கூடுகிறது. சமயக் கணக்கர் வருகிறார்கள், நாள் கணிப்போர் வருகிறார்கள், ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் வருகின்றன, பிற மொழி பேசி அந்தத் துறைமுகத்தில் குடியேறிய வேற்று நாட்டாரும் வருகிறார்கள். விழாவை நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பேசுகிறார்கள். நடத்துவது என்று முடிவாகிறது. அதன் பிறகுதான் யானை வருகிறது.